பத்துக்கு ஒன்பது போட்ட பக்கம்

போன மாதம் ஒரு காலை, மீன் கழுவிய கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே போனை எடுத்தேன். பேசியது டாக்டர் பிரபு. ஒரு காலத்தில் என்னிடம் திட்டு வாங்கியே மெடிசின் படித்தவன். இப்போது நான் உட்கார்ந்திருந்த அதே நாற்காலியில் துறைத்தலைவனாக இருக்கிறான்.

"மேடம், நம்ம டிபார்ட்மென்ட்ல வாத்தியாருங்களுக்கு ஒரு ட்ரெய்னிங் வெக்கிறோம். பசங்கள ரிஃப்ளெக்‌ஷன் எழுத வெக்கிறது எப்படின்னு. நீங்கதான் வரணும். இங்க அத ஆரம்பிச்சதே நீங்கதானே. அப்புறம் காலேஜ் மலருக்கு ஒரு கட்டுரையும் வேணும். கொஞ்சம் பாசிட்டிவா இருக்கட்டும் மேடம்."

ட்ரெய்னிங்குக்குப் போய்விட்டு வந்தேன். அதைப் பிறகு சொல்கிறேன். இது அந்தக் கட்டுரை. பாசிட்டிவாக எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. இருப்பதை எழுதியிருக்கிறேன். போடுவதும் போடாததும் பிரபுவின் இஷ்டம்.

வைத்தியம் படிக்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. ரிஃப்ளெக்‌ஷன் என்பது மருத்துவ மாணவர்கள் இப்போது கட்டாயமாக எழுத வேண்டிய ஒரு பக்கம். ஒரு நோயாளியைப் பார்த்த பிறகு என்ன நடந்தது, நான் என்ன செய்தேன், எனக்கு என்ன தோன்றியது, அடுத்த தடவை என்ன செய்வேன் என்று தன்னைத்தானே கேட்டு எழுதுவது. வியாதியைப் பற்றி எழுத நூறு நோட்டு இருக்கிறது. இது டாக்டரைப் பற்றி டாக்டரே எழுதுவது.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரி டவுனிலேயே பிறந்தவள். அத்தா கயிறும் தார்ப்பாயும் விற்றார். வீராம்பட்டினத்துப் படகுக்காரர்கள்தான் கடைக்குப் பாதி வாடிக்கை. பெண்பிள்ளைக்கு இத்தனை வருடப் படிப்பு எதற்கு என்று சொந்தக்காரர்கள் அவர் காதைக் கடித்தார்கள். அவர் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. படித்தேன், டாக்டரானேன், மேலே மெடிசின் எம்.டி. படித்தேன். அந்த வருடங்களில் சொல்லும்படி ஒன்றுமில்லை. தூக்கமில்லாமல் படித்தேன் என்று எல்லா டாக்டர்களும் சொல்வார்கள். நானும் சொல்லி உங்கள் கழுத்தை அறுக்க வேண்டாம்.

சொல்ல வேண்டியது என் முதல் யூனிட் சீஃபை, வார்டில் எனக்கு மேலே இருந்த பெரிய டாக்டரைப் பற்றி. பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கிய குடும்பம். பேச்சு நம் தமிழ்தான், ஊடே ஊடே பிரெஞ்சு வந்து விழும். நர்ஸ் முதல் வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவர் முசியே. பிரெஞ்சில் ஐயா என்கிற மாதிரி.

முசியே கத்த மாட்டார். எனக்கு அதுதான் பயம். கத்துகிற ஆளிடம் தலையைக் குனிந்துகொண்டு நின்றால் ஐந்து நிமிடத்தில் விஷயம் முடிந்துவிடும். இவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்து, "அலோர்..." என்று இழுப்பார். சரி, அப்புறம் என்று அதற்கு அர்த்தம். "அலோர்... அப்ப நீ எங்க நின்ன?" யார் எந்தத் தப்பைச் செய்தாலும் கேள்வி இது ஒன்றுதான். ஏன் செய்தாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

வார்டு ரவுண்ட்ஸில் அவருக்கு ஒரு பழக்கம். கட்டிலின் தலைமாட்டுக்குப் போவதற்கு முன் கால்மாட்டில் நிற்பார். போர்வையை விலக்கி நோயாளியின் பாதத்தைப் புறங்கையால் தொடுவார். பாதம் சூடாக இருக்கிறதா, குளிர்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பார். உடம்பில் ரத்த ஓட்டம் குறையத் தொடங்கினால் மிஷினுக்கு முன் பாதம் சொல்லிவிடும். நம் ஜனங்களுக்கு இது பெரிய சங்கடம். டாக்டர் வந்து காலைத் தொடுகிறாரே என்று பதறி, காலை இழுத்துக்கொள்வார்கள். "ஐயோ சாமி, நீங்க போயி..." என்று ஒரு மீன்காரம்மா எழுந்து உட்கார்ந்தே விட்டார். "கும்பிடலம்மா, சூடு பாக்கறேன்" என்பார் முசியே. நானும் பிறகு இருபது வருடம் அப்படித்தான் செய்தேன். எப்போது விட்டேன் என்று ஞாபகமில்லை.

அவருடைய சனிக்கிழமைகளைச் சொல்ல வேண்டும். அந்த வாரம் வார்டில் யாராவது இறந்திருந்தால், சனிக்கிழமை பகல் பன்னிரண்டரைக்கு அவருக்குக் கீழே இருந்த ஜூனியர் டாக்டர்கள் நாங்கள் நாலு பேரும் அவர் அறையில் இருக்க வேண்டும். கதவைச் சாத்துவார். ஆளுக்கு ஒரு கோடு போட்ட தாள். பதினைந்து நிமிடம் எழுத வேண்டும், அவரும் எழுதுவார். முதல் நாளே சொல்லிவிட்டார்: "உன் கை செஞ்சத எழுது, செய்யாததயும் எழுது. அடுத்தவன் பேரு இந்தத் தாள்ல வரக்கூடாது. அவன் வரிய அவன் எழுதிப்பான்." எழுதி முடித்ததும் அவர்தான் முதலில் வாசிப்பார். பிறகு நாங்கள். எல்லோரும் வாசித்ததும் அவரவர் தாளை அவரவரே கிழித்துக் கூடையில் போட வேண்டும். மார்க் கிடையாது, ஃபைல் கிடையாது. அந்த அறைக்கு வெளியே அதைப் பற்றி மூச்சு விடக்கூடாது.

நான் உட்கார்ந்த முதல் சனிக்கிழமை, முதலியார்பேட்டையைச் சேர்ந்த ஒரு வயதான அம்மா குடலில் ஓட்டை விழுந்து இறந்திருந்தார். நாங்கள் அதை இரண்டு நாள் கண்டுபிடிக்கவில்லை. முசியே தாளை எடுத்து வாசித்தார். "செவ்வாய்க்கிழமை பத்தரை மணி. அந்த அம்மாவின் வயிற்றை அமுக்கிப் பார்த்தேன். என் கண் சுவர்க் கடிகாரத்தில் இருந்தது. பதினோரு மணிக்கு என் மகள் பள்ளிக்கூடத்தில் விழா. வயிற்றை அமுக்கும்போது முகத்தைப் பார்க்க வேண்டும். நான் பார்க்கவில்லை." வாசிக்கும்போது அவர் குரல் உடைந்தது. எனக்கு உடம்பு கூசிப்போனது. பெரியவர்கள் தப்பை ஒப்புக்கொண்டு நான் அதுவரை கேட்டதே இல்லை. அன்று என் தாளில் "நான் இன்னும் நிறையப் படித்திருக்க வேண்டும்" என்று எழுதியிருந்தேன். நல்ல பிள்ளை மாதிரி வாசித்தேன். முசியே கண்ணாடியைக் கழற்றினார். "அலோர்... புஸ்தகம் எங்க நின்னுச்சுன்னு நான் கேக்கல. நீ எங்க நின்ன?" மறுபடி எழுதச் சொன்னார். பசி வயிற்றைக் கிள்ளியது, கண்ணில் தண்ணீர் முட்டியது. எழுதினேன்.

அவர் ஓய்வு பெற்றுப் போய், காலமும் ஆகிவிட்டார். சில வருடம் நான் சனிக்கிழமைகளை நடத்தினேன். பிறகு வேலை அதிகம், ஆள் குறைவு என்று விட்டுப்போனது. அப்புறம்தான் பாடத்திட்டத்திலேயே ரிஃப்ளெக்‌ஷன் கட்டாயம் என்று மேலிடத்திலிருந்து வந்தது. இதெல்லாம் எனக்குப் பழகின சங்கதியாச்சே என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் போய் நின்றேன்.

என்ன செய்தேன் தெரியுமா? நாலு கட்டம் போட்ட ஒரு படிவம் அச்சடித்தேன். கட்டத்துக்கு இத்தனை வார்த்தை, மொத்தம் பத்து மார்க். ஆய்வுக் குழு வந்தால் காட்ட வேண்டுமே என்று எல்லாவற்றையும் ஃபைலில் கோத்து அலமாரியில் அடுக்கினேன். கதவு சாத்துவதும் தாளைக் கிழிப்பதும் போனது. எல்லாவற்றையும்விடப் பெரியது, நான் எழுதுவது போனது. ஒரு பேராசிரியை பிள்ளைகளுக்கு முன்னால் உட்கார்ந்து தன் தப்பை வாசிப்பதா? அது முசியேவோடு சரி என்று விட்டுவிட்டேன்.

ஆனால் முசியே கதையை மட்டும் ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பில் விடாமல் சொல்வேன். அவர் முதலில் வாசிப்பார் என்பதையும், அவன் வரியை அவன் எழுதிப்பான் என்பதையும் அவர் குரலிலேயே சொல்லிக் காட்டுவேன். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள். ஒரு வருடம் மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பெண் கையைத் தூக்கினாள். "மேடம், அப்ப நீங்களும் எங்ககூட எழுதுவீங்களா?"

"எழுதுவேன், எழுதுவேன். மொதல்ல நீ எழுது" என்று சிரித்து மழுப்பினேன். வகுப்பே சிரித்தது. அந்தப் பெண் சிரிக்கவில்லை, தலையை ஆட்டி நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டாள். அவள்தான் அமுதா. பாகூர்ப் பக்கம், அப்பாவுக்கு நெல் விவசாயம், குடும்பத்தில் முதல் டாக்டர். சொன்னதைச் சொன்னபடி செய்கிற ரகம்.

அமுதா ஹவுஸ் சர்ஜனாக, அதாவது படிப்பின் கடைசி வருடப் பயிற்சி டாக்டராக, என் வார்டுக்கு வந்தது மழை விட்ட மாதம். வார்டு முழுக்க டெங்கு. ஏழாம் கட்டிலில் சேகர் என்று ஒரு நோயாளி. முப்பத்து நாலு வயது, நோணாங்குப்பத்தில் படகு ஓட்டுகிறவர். கூடவே மனைவி விஜயா. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை சேகருக்கு நாலு நாள் காய்ச்சல் இறங்கிவிட்டது. "ஜொரம் உட்ருச்சு மேடம், இட்லி கேக்குறாரு" என்று விஜயா சந்தோஷமாகச் சொன்னாள்.

டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற நாள்தான் பயப்பட வேண்டிய நாள். சிலருக்கு அன்றைக்குத்தான் ரத்தக் குழாயிலிருந்து நீர் வெளியே கசியும். ரத்த அழுத்தத்தில் மேல் எண்ணும் கீழ் எண்ணும் ஒன்றை ஒன்று நெருங்கும். கை கால் குளிரும். ஆள் மட்டும் தெளிவாகப் பேசிக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் கண்டுபிடித்து சலைன் அளவைச் சரியாக ஏற்றினால் பெரும்பாலும் பிழைத்துவிடுவார். விட்டுவிட்டால் கையை மீறிப் போய்விடும். அதனால்தான் மணிக்கு ஒரு தடவை நாடியும் பி.பி.யும் பார்த்து சார்ட்டில் எழுத வேண்டும். இதை நான் முப்பது வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன்.

அன்று வார்டில் ஹவுஸ் சர்ஜன் அமுதா ஒருத்திதான். ஒரு மணிக்கு சேகருக்கு பி.பி. பார்த்தாள், நூற்றுப் பத்துக்கு எழுபது. இரண்டு மணிக்கு வேறொரு நோயாளிக்கு வலிப்பு வந்து அங்கே ஓடினாள். திரும்பி வந்தபோது நேரம் தாண்டிவிட்டது. ஏழாம் கட்டில் சார்ட்டில் இரண்டு மணிக் கட்டம் காலியாக இருந்தது. நூற்றுப் பத்துக்கு எழுபது என்றே எழுதினாள்.

இதற்கு வார்டில் பெயர் டிட்டோ போடுவது. முந்தின மணியின் எண்ணையே இந்த மணிக்கும் எழுதிவிடுவது. செய்யாத ஹவுஸ் சர்ஜன் கிடையாது. நானும் போட்டிருக்கிறேன். எங்களுக்கெல்லாம் அது தப்பாகவே தெரியாது. நூறு தடவை போட்டால் நூறு தடவையும் ஒன்றும் ஆகாது.

மூன்று மணிக்கு விஜயா அவளைக் கூப்பிட்டிருக்கிறாள். அமுதா போய் சேகரின் கையையும் காலையும் தொட்டுப் பார்த்துவிட்டு நேராக என் அறைக்கு வந்தாள். திங்கட்கிழமை ஆய்வுக் குழு வருகிறது என்று நான் ஞாயிறும் வந்து உட்கார்ந்திருந்தேன். மேசை நிறைய ரிஃப்ளெக்‌ஷன் ஃபைல்கள். மார்க் போட்டுக்கொண்டிருந்தேன். இதைவிடக் கேவலமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

"மேடம், ஏழாம் பெட்டு... காலு ஜில்லுனு இருக்கு மேடம். ஒரு தடவ வந்து பாக்கறீங்களா?"

நான் தலையைத் தூக்கவில்லை. "ஜொரம் விட்டா ஒடம்பு குளிராம என்ன பண்ணும்? பி.பி. என்ன?"

அவள் ஒரு நொடி தயங்கினாள். "சார்ட்ல நூத்திப் பத்துக்கு எழுபது இருக்கு மேடம்."

"அப்புறம் என்ன? கொண்டா."

சார்ட்டை நீட்டினாள். மூன்று மணிக் கட்டத்துக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவள் அதற்குப் பிறகும் வாசலில் நின்றாள். "என்ன, இன்னும் என்ன?" என்றேன். என் குரல் எப்படி இருந்திருக்கும் என்று என்னிடம் படித்தவர்களுக்குத் தெரியும். போய்விட்டாள்.

அவளும் திரும்பிப் போய் மிஷினைக் கட்டிப் பார்க்கவில்லை. மேடமே கையெழுத்துப் போட்டாச்சு. மூன்று மணிக்கும் அதே எண், நாலு மணிக்கும் அதே எண். நாலரைக்கு சேகர் பாத்ரூம் போக எழுந்து அப்படியே சரிந்துவிட்டார். நான் ஓடிப்போனபோது நாடி கையில் அகப்படவில்லை. பாதத்தைத் தொட்டேன், கல் மாதிரி இருந்தது. ஐ.சி.யு.வில் எல்லாம் செய்தோம். இருட்டுவதற்குள் போய்விட்டார். விஜயா அழவில்லை. "இட்லி கேட்டாரே மேடம்" என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னாள்.

நாலு நாள் கழித்து அமுதாவைக் கூப்பிட்டேன். முகம் வீங்கி இருந்தது, சாப்பிடவே இல்லை என்று தோழிகள் சொன்னார்கள். படிவத்தை நீட்டி, "எழுது. மனசுல இருக்கறத அப்படியே எழுது. என்னத் தாண்டி எங்கயும் போகாது" என்றேன். அந்த நிமிடம் நான் அதை உண்மையாகத்தான் சொன்னேன்.

மறுநாள் கொண்டுவந்து கொடுத்தாள். கட்டங்களை மதிக்காமல் பின்பக்கமும் எழுதியிருந்தாள். இரண்டு மணிக்கு நான் தொடவில்லை, தொட்டதுபோல் எழுதினேன். மூன்று மணிக்குப் பாதம் குளிர்ந்திருந்தது எனக்குத் தெரியும், அப்போதும் மிஷினைக் கட்டவில்லை. அந்த அக்கா என்னை நம்பிப் போய் இட்லி வாங்கிவந்தார். இப்படி வரிக்கு வரி இருந்தது. நான் அதைப் படித்த விதத்தை இப்போது சொல்கிறேன், கேளுங்கள். அவள் வேதனையை நான் படிக்கவில்லை. என் பெயரைத் தேடினேன். மூன்று மணிக்கு என் அறைக்கு வந்தது, நான் சொன்னது, கையெழுத்து எங்கே இருக்கிறது என்று தேடினேன். எங்கேயும் இல்லை. அப்பாடா என்று இருந்தது. நல்ல பெண், என்னைக் காப்பாற்றிவிட்டாள் என்று நினைத்தேன். சிவப்புப் பேனாவை எடுத்து மூலையில் பத்துக்கு ஒன்பது போட்டு ஃபைலில் கோத்துவிட்டேன். அந்த ஒரு மார்க்கை எதற்குக் குறைத்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

விஜயாவின் அண்ணன் புகார் கொடுத்தார். மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு அமைந்தது. கூட்ட அறைக்கு வெளியே விஜயா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, "அந்த டாக்டர் பொண்ண ஒண்ணும் பண்ணிடாதீங்க மேடம். அதுதான் வந்து அவரு கால தொட்டுப் பாத்துச்சு. அன்னிக்கு மதியத்துக்கு மேல வேற ஒருத்தரும் அந்தப் பக்கம் வரல" என்றாள். நான் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனேன்.

உள்ளே சார்ட்டைப் பார்த்தார்கள். குழுத் தலைவர் கேட்டார்: "நாலு மணி நேரமும் ஒரே ரீடிங்கா இருக்கே. அந்தப் பொண்ணு ஏதாவது எழுதிக் குடுத்திருக்காளா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அது படிப்புக்காக எழுதினது, தர மாட்டேன் என்றும் சொல்லியிருக்கலாம். யாரும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. பையைத் திறந்து அந்தப் பக்கத்தை எடுத்துக் கொடுத்தேன். அது என் பையில் தயாராக இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

மூன்று பேரும் மாற்றி மாற்றிப் படித்தார்கள். அமுதா எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். அந்தத் தாள் கை மாறி வருவதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததாகச் சொல்ல முடியாது. ஏதோ ஒன்றுக்காகக் காத்திருக்கிற மாதிரி இருந்தது.

"மூணு மணிக்கு உங்க கையெழுத்து இருக்கே டாக்டர்?" என்றார் தலைவர்.

"சார்ட்ட நம்பிப் போட்டேன் சார்" என்றேன்.

"நீ ஏதாவது சொல்லணுமாம்மா?"

அமுதா இன்னும் என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, "என்னோடது அதுல எழுதியிருக்கு சார்" என்றாள்.

அவளுக்குப் பயிற்சி ஆறு மாதம் மறுபடி செய்ய வேண்டும் என்றும், ஃபைலில் குறிப்பு எழுத வேண்டும் என்றும் முடிவானது. எனக்கு, இனி கூடுதல் கவனம் தேவை என்று இரண்டு வரிக் கடிதம். விஜயாவின் வீட்டுக்கு, பயிற்சி மருத்துவரின் கவனக்குறைவு என்று பதில் போனது. அமுதா அந்த ஆறு மாதத்தில் நாலு மாதம் வந்தாள். ஒருநாள் வரவில்லை. அப்புறம் வரவே இல்லை. நான் அடுத்த வருடம் மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றேன்.

இப்போது ட்ரெய்னிங்குக்கு வருகிறேன். இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள், எல்லோரும் சின்ன வயது வாத்தியார்கள். பிரபு புலம்பினான். "பசங்க எல்லாம் மொபைல்ல ஏ.ஐ.கிட்ட கேட்டு வாங்கி ஒட்டறாங்க மேடம். பத்து பேரு எழுதினா பத்தும் ஒரே மாதிரி இருக்கு. 'இந்த அனுபவம் என்னை ஆழமாகப் பாதித்தது'ன்னு ஆரம்பிக்குது. அதான் நாங்க ஒரு மாடல் வெச்சிருக்கோம். ஒவ்வொரு பேட்ச்சுக்கும் இதத்தான் காட்டறோம்." சொல்லிக்கொண்டே எல்லோருக்கும் ஒரு ஜெராக்ஸைக் கொடுத்தான். எனக்கும் ஒன்று வந்தது.

பெயர் இருந்த இடத்தில் வெள்ளைத் தாள் ஒட்டி மறைத்திருந்தார்கள். மூலையில் என் கையெழுத்தில் பத்துக்கு ஒன்பது.

"இது மாதிரி நேர்மையா இன்னொருத்தர் எழுதி நான் பாத்ததே இல்ல மேடம்" என்றான் பிரபு. பாவம், அவனுக்கு ஒன்றும் தெரியாது. விசாரணை நடந்தபோது அவன் வேறு ஊரில் இருந்தான். ஃபைலில் இருந்தது, எடுத்துக்கொண்டான்.

அது அமுதாவின் பக்கம் என்று பார்த்ததுமே எனக்குத் தெரிந்தது. ஆனால் அங்கேயும் நான் வாயைத் திறக்கவில்லை. முசியே கதையைச் சொன்னேன், கைதட்டினார்கள், பொன்னாடை போர்த்தினார்கள். டீ குடித்துவிட்டு ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன். பொன்னாடையைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அமுதாவின் நம்பரை அவள் கூடப் படித்த பெண்ணிடம் வாங்குவதற்கு இரண்டு நாள் ஆனது. அழைத்துப் பேசுவதற்கு இன்னும் மூன்று நாள் ஆனது. விழுப்புரத்தில் ஒரு கோச்சிங் சென்டரில் பிள்ளைகளுக்கு பயாலஜி எடுக்கிறாளாம்.

"ஏம்மா பயிற்சிய முடிக்கல? ரெண்டு மாசம்தானே இருந்துச்சு?"

"பி.பி. பாக்கவே முடியல மேடம். வரது சரியான நம்பரான்னு நாலு வாட்டி பாப்பேன். அப்பயும் நம்பிக்க வராது. வார்டுல எல்லாரும் சிரிச்சாங்க."

சொல்ல வேண்டியதைக் கடைசியில் சொன்னேன். "அமுதா, நீ அன்னிக்கு எழுதினதுல என்னப் பத்தி ஒரு வார்த்த இல்ல. எங்கிட்ட வந்தத நீ எழுதல. என்னக் காப்பாத்தறதுக்குத்தான் விட்டுட்டன்னு நான் நெனச்சேன்."



"காப்பாத்தறதுக்கு இல்ல மேடம். அடுத்தவங்க வரிய எழுதக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. நீங்களும் எழுதுவேன்னு சொன்னீங்க. அது உங்க வரி மேடம். அந்த ரூம்ல நீங்க சொல்லுவீங்கன்னுதான் நான் ஒக்காந்திருந்தேன்."

எனக்கு அழுகை வந்தது. வெட்கமில்லாமல் அழுதேன். மன்னித்துவிடு என்றேன். அவள் மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. "எங்கிட்ட எதுக்கு மேடம் சொல்றீங்க? எனக்குத்தான் தெரியுமே. அந்த அக்காகிட்ட போய்ச் சொல்லுங்க. கிளாஸுக்கு நேரமாயிடுச்சு, வெக்கிறேன்" என்றாள்.

அன்று பகல் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு கோடு போட்ட தாளை எடுத்து என் பக்கத்தை எழுதினேன். ஒரு பிரதியை விசாரணையை மறுபடி திறக்கும்படி கேட்டுக் கல்லூரிக்கு அனுப்பினேன். கோப்பு முடிந்துபோன ஒன்று என்று வாய்வார்த்தையாகச் சொல்கிறார்கள். எழுத்தில் பதில் வரட்டும் என்று விடாமல் போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இன்னொரு பிரதியை எடுத்துக்கொண்டு நோணாங்குப்பம் போனேன்.

விஜயா போட் ஹவுஸ் வாசலில் மாங்காய்ப் பத்தையும் தண்ணீர் பாட்டிலும் விற்கிறாள். என்னை அடையாளம் தெரிந்துகொண்டாள். உட்காரச் சொல்லி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை. நின்றபடியே வாசித்தேன்.

"ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி. ஏழாம் கட்டில் நோயாளியின் கால் குளிர்ந்திருக்கிறது, வந்து பாருங்கள் என்று என்னிடம் சொல்லப்பட்டது. அது காய்ச்சல் இறங்கிய நாள் என்று எனக்குத் தெரியும். அந்த நாளின் ஆபத்தும் தெரியும். என் நாற்காலியிலிருந்து அந்தக் கட்டில் இருபது அடி. நான் எழுந்திருக்கவில்லை. பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். மூன்று மணிக்குப் பார்த்திருந்தால் அவர் பிழைத்திருக்கலாம். விசாரணையில் இதை மறைத்தேன். என்னை நம்பி எழுதப்பட்ட ஒரு பக்கத்தை எடுத்துக் கொடுத்துத் தப்பித்துக்கொண்டேன்."

நடுவில் யாரோ தண்ணீர் பாட்டில் கேட்டார்கள். எடுத்துக் கொடுத்து, மீதிச் சில்லறையையும் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று தயாராகப் போயிருந்தேன். அவள் மாங்காய் நறுக்குகிற கத்தியைத் துடைத்துக் கீழே வைத்தாள்.

"அந்த டாக்டர் பொண்ணு இப்ப எந்த ஆஸ்பத்திரில இருக்குது?"

"எங்கயும் இல்லம்மா. டாக்டர் வேலையே வேணாம்னு விட்டுட்டுப் போயிடுச்சு."

"இன்னா மேடம் இது?" என்றாள் விஜயா. "வந்து தொட்டுப் பாத்த பொண்ண வூட்டுக்கு அனுப்பிட்டு, தொடாதவங்க எல்லாம் வேலைல இருந்தீங்களா?"

"ஆமாம்மா" என்றேன்.